சிட்டுவுக்கு சிசேரியன்: டாக்டருக்கு ஒரு மணி நேர வேலை, எங்களுக்கு மூன்று வாரம்

மயக்கம் தெளிந்ததும் சிட்டு முதலில் செய்த காரியம், தன் குட்டியைப் பார்த்து உறுமியதுதான். நாங்கள் ஆடிப்போய்விட்டோம். நாய்ப் பிரசவத்தைப் பற்றி இரண்டு மாதமாகத் தேடித் தேடிப் படித்திருந்தேன். ஆபரேஷன் ஆகலாம் என்பதற்கும் மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். பெற்றவளே குட்டியைச் சேர்க்கமாட்டாள் என்ற ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அதனால் ஆபரேஷனைவிட அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

சிட்டு பக் இன நாய். மூன்று வயது, முதல் சினை. மூக்கு சப்பையான இனங்களுக்கு சிசேரியன் அதிகம். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்போ குறுகல். கூடவே முக்கும்போது மூச்சும் திணறும். பிரிட்டனில் 2010இல் வந்த ஓர் ஆய்வில் பாஸ்டன் டெரியர், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் மூன்றிலும் பத்தில் எட்டு பிரசவத்துக்கு மேல் சிசேரியன் என்று இருந்தது. அந்த மூன்றில் பக் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் தப்பு நாள் கணக்கில் நடந்தது. இணை சேர்ந்த நாளிலிருந்து 63 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அந்த 63 கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டியது. ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடம்புக்குள் பல நாள் உயிரோடு இருக்கும். வெளியான முட்டையும் முதிர்வதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57ஆம் நாளும் பிரசவமாகலாம், 72ஆம் நாளும் ஆகலாம். சிட்டுவை மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை சேர்த்தோம். எந்த நாளை முதல் நாளாக வைப்பது? இணை சேர்க்கும் சமயத்திலேயே ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைப் பார்த்து, முட்டை வெளியான நாளைக் கண்டுபிடித்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ஆபரேஷன் என்று வரும்போது இது சின்ன விஷயமில்லை. சீக்கிரம் எடுத்தால் குட்டிக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. தள்ளிப்போனால் வயிற்றிலேயே இறந்துவிடும்.

ஒழுங்காகச் செய்த ஒன்று, 57ஆம் நாள் எடுத்த எக்ஸ்ரே. குட்டிகளின் எலும்பு 45 நாளுக்குப் பிறகுதான் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். சரியாக எண்ண வேண்டுமென்றால் 55 தாண்டியிருக்க வேண்டும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மண்டையோடுகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நான்கு. "இதை மறந்துடாதீங்க. எத்தனை வெளியே வந்திருக்கு, எத்தனை உள்ளே இருக்குன்னு தெரியலைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ரொம்பக் கஷ்டப்படுவீங்க" என்றார்.

அன்றிலிருந்து நாளைக்கு மூன்று முறை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் குறித்தேன். நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். சினையின் கடைசி வாரத்தில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பிரசவத்துக்கு முன்னால் புரோஜெஸ்டிரான் சட்டென்று இறங்கும்போது உடம்புச் சூடும் 99க்குக் கீழே போகும். அதிலிருந்து பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுத்துவிடும். சிட்டுவுக்கு 61ஆம் நாள் சாயங்காலம் 98.4 காட்டியது. ராத்திரி முழுக்க விரிப்பைப் பிறாண்டினாள், நடுங்கினாள், மூச்சிரைத்தாள், வைத்த சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. இதுதான் முதல் கட்டம். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் சகஜம், முதல் சினையில் இன்னும் நீளலாம். சரி, நல்லபடியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மதியம் சூடு மறுபடி 101க்கு ஏறியிருந்தது. முக்கல் மட்டும் வரவே இல்லை. கீழே விரித்திருந்த வெள்ளைத் துண்டில் உள்ளங்கை அளவுக்குக் கரும்பச்சையாக ஒரு கறை.

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சு போல" என்றாள் அம்மா.

பனிக்குடம் உடைந்தால் நிறமே இருக்காது, தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நாயின் நச்சுக்கொடி ஓரத்தில் ஒரு பச்சை நிறமி உண்டு. ஒரு குட்டி வெளியே வந்தபிறகு பச்சை தெரிந்தால் பயமில்லை. முதல் குட்டியே வராதபோது பச்சை தெரிந்தால், உள்ளே எங்கேயோ நச்சுக்கொடி பிரிய ஆரம்பித்துவிட்டது, அந்தக் குட்டிக்குப் பிராணவாயு போகவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், 'கொஞ்சம் பார்க்கலாம், முக்க ஆரம்பித்துவிடுவாள்' என்று நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தது இது: பலமாக முக்கி அரை மணி ஆகியும் குட்டி வரவில்லை, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மணிக்கு மேல் ஆகிறது, முதல் குட்டிக்கு முன்னாலேயே பச்சை, குட்டியின் உடம்பு பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டது, சூடு இறங்கி 24 மணி ஆகியும் வலி இல்லை, தாய் துவண்டு விழுகிறாள். இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். சிட்டுவுக்கு அதில் ஒன்று பொருந்தியது. தாள் என் தலைக்கு மேலேதான் ஒட்டியிருந்தது. தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீ எழுதினதுதானே இது? இன்னும் ஏன் உட்கார்ந்திருக்க?" என்று கேட்டு வண்டியை எடுத்தான்.

போகிற வழியில் நாய் வளர்க்கும் ஒருவர் போனில், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி ஒன்று போட்டால் எல்லாம் தானாக வந்துவிடும், கத்தி வைக்க விடாதே என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். குட்டி வழியில் அடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பை கிழிந்தே போகலாம். நச்சுக்கொடியும் இன்னும் வேகமாகப் பிரியும். குட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் போடக்கூடாத மருந்து அது. டாக்டர் முதலில் ஸ்கேனைத்தான் எடுத்தார். நல்ல நிலையில் இருக்கும் குட்டிக்கு இதயம் நிமிஷத்துக்கு 200க்கு மேல் துடிக்கும். 180க்குக் கீழே வந்தால் அது திணறுகிறது. 160க்குக் கீழே என்றால் காத்திருக்கவே கூடாது. சிட்டுவின் வயிற்றில் ஒன்றுக்கு 210, ஒன்றுக்கு 190, ஒன்றுக்கு 150. நான்காவதற்குத் துடிப்பு இல்லை. ஸ்கேன் கருவியை அவர் அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இது எப்போ போச்சுன்னு சொல்ல முடியாது" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாரோ என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டார். சினையின் கடைசியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. அதனால் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். சிட்டு அதற்குள் ஒரு நாளாகவே எதையும் தொடவில்லை. வயிற்று முடியை மழிப்பதையும் முகமூடி வைத்துப் பிராணவாயு கொடுப்பதையும் மயக்கம் கொடுக்கும் முன்பே முடித்துவிட்டார்கள். தாய்க்குப் போகும் மயக்க மருந்து குட்டிக்கும் போகும் என்பதால், மருந்து ஏறியதிலிருந்து கடைசிக் குட்டி வெளியே வரும் வரையுள்ள நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பார்களாம்.

கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் அப்போது வந்தது. எடுத்தால் பால் வராதே என்று அம்மா பயந்தாள். அப்படி இல்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. கருப்பை இல்லாவிட்டாலும் பால் வரும். ஆனால் ஆபரேஷன் நீளும், ரத்தமும் கூடுதலாகப் போகும். சிட்டுவின் கருப்பை நன்றாக இருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

குட்டிகளை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு குட்டிக்கும் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்பார்கள். அங்கே ஆள் போதவில்லை. என்னையும் தம்பியையும் கை கழுவச் சொல்லி உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என் கையிலிருந்த துண்டில் வந்து விழுந்தது, மெல்லிய சவ்வுக்குள் சுருண்டிருந்த வெதுவெதுப்பான ஒரு கட்டி. உதவியாளர் சவ்வைக் கிழித்து, ரப்பர் உறிஞ்சியால் வாயையும் அப்புறம் மூக்கையும் துடைத்துவிட்டு, "தேயுங்க, பயப்படாம அழுத்தித் தேயுங்க" என்றார். தலையைத் தாங்கிப் பிடித்து, முதுகையும் விலாவையும் துண்டால் தேய்க்க வேண்டும். முன்னெல்லாம் குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டுவார்கள். மூளையில் ரத்தம் கசியும் என்பதால் இப்போது அதைச் செய்யக்கூடாது என்கிறார்கள். என் கையிலிருந்தது அரை நிமிஷத்தில் கீச்சிட்டது. 150 துடிப்பு இருந்த குட்டி வந்தபோது நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், துணிபோலத் தொங்கியது. முகமூடியில் பிராணவாயு வைத்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தில் மெல்லிய ஊசியைக் குத்தித் திருகினார்கள். மூச்சைத் தூண்ட அப்படி ஒரு முறை உண்டு. தம்பி தேய்த்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. முதலில் கொட்டாவி மாதிரி வாயைத் திறந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கொட்டாவி. மூன்றாவது கொட்டாவிக்குப் பிறகுதான் நாக்கில் சிவப்பு ஏறியது.

கிளம்பும்போது உதவியாளர் ஓர் ஈரத் துண்டைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். குட்டிகளைத் துடைத்த துண்டு. "இதைத் துவைச்சிடாதீங்க, ராத்திரி வேணும்" என்றார். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் பயம் இருப்பதால், நன்றாக விழித்துத் தலை தூக்கும் வரை, மயக்கத்தின்போது தொண்டைக்குள் விட்ட சுவாசக் குழாயை எடுக்காமல் வைத்திருந்து, அதன் பிறகுதான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து விரிப்பில் படுக்க வைத்தோம். நான் ஆசையாக ஒரு குட்டியை எடுத்து அவள் மூக்கருகில் கொண்டுபோனேன். அப்போதுதான் அந்த உறுமல்.

யோசித்துப் பார்த்தால் அவள்மேல் தப்பே இல்லை. இயல்பான பிரசவத்தில் குட்டி வழியை விரித்துக்கொண்டு வரும்போது தாயின் மூளையில், பாசத்தையும் தூண்டும் அதே ஆக்சிடோசின் பொங்கும். ஈரத்தோடு வரும் குட்டியை நக்கி நக்கி அதன் வாசனையைத் தன்னுடையதாக்கிக்கொள்வாள். சிட்டுவுக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. ஒரு மேஜைமேல் தூங்கினாள். எழுந்தபோது வயிறு எரிகிறது, தலை சுற்றுகிறது, பக்கத்தில் கீச்கீச்சென்று என்னவோ நெளிகிறது. அதுவும் மருந்து வாசனையோடு. கடிக்காமல் உறுமியதோடு விட்டாளே என்று இப்போது தோன்றுகிறது. மயக்கம் முழுதாகத் தெளியாத தாய், குட்டியைக் கடித்துவிடுவதும் மேலே உருண்டு நசுக்கிவிடுவதும் நடக்கும். அதனால் முதல் இரண்டு நாள் அவளையும் குட்டிகளையும் ஆள் இல்லாமல் ஒன்றாக விடவே இல்லை.

குட்டிகள் தனி அட்டைப்பெட்டியில். இரண்டு மணிக்கு ஒருமுறை சிட்டுவை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். அம்மா அவள் தலையை மடியில் வைத்து, காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, உன் பிள்ளைங்கதான்" என்று பேசிக்கொண்டே இருப்பாள். நான் குட்டியின் வாயைத் திறந்து காம்பில் வைப்பேன். சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சத்தைக் குட்டியின் குடல் முதல் ஒரு நாள்தான் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். அதற்கப்புறம் அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே தாய் மனம் மாறட்டும் என்று காத்திருக்க முடியாது, பிடித்து வைத்தாவது ஊட்டியாக வேண்டும். சிசேரியன் ஆன நாய்க்குப் பால் கொஞ்சம் தாமதமாக இறங்கலாம். ஆனாலும் குட்டிகள் சப்பச் சப்பத்தான் இறங்கும்.

அந்தத் துண்டின் உபயோகம் ராத்திரி புரிந்தது. ஒவ்வொரு குட்டியையும் அதில் லேசாகப் புரட்டி எடுத்துவிட்டுத்தான் அவளிடம் காட்டச் சொன்னார் டாக்டர். வாசனை சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுக் குட்டியைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். மூன்றாவது தடவையில் உறுமல் நின்றது. ஆறாவது தடவையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் மோந்தாள். மறுநாள் காலை, ஆபரேஷன் முடிந்து பதினெட்டு மணி நேரம் இருக்கும், மூன்றிலும் சின்னதின் பின்பக்கத்தை நாக்கின் நுனியால் ஒரே ஒருமுறை நக்கினாள். நிறுத்தினாள். மறுபடி நக்கினாள். குட்டி அப்படியே மூத்திரம் போனது, அதையும் நக்கித் துடைத்தாள். அம்மா என்னைப் பார்த்தாள், இருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறந்த குட்டிக்குத் தானாக மூத்திரமோ மலமோ போகத் தெரியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் போகும். அதுவரை நாங்கள் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்த பிறகு துடைத்துக்கொண்டிருந்தோம். மூன்று வாரம் வரைக்கும் இந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

பெட்டியின் சூட்டில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். முதல் வாரம் குட்டிக்கு நடுங்கவே தெரியாது. அதாவது உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. சுற்றியிருக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நான் பெட்டி முழுவதையும் ஒரே மாதிரி சூடாக்கிவிட்டேன். சிட்டு உள்ளே வந்து ஐந்து நிமிஷம்கூட இருக்காமல் எழுந்து போய்விடுவாள். மறுபடி வெறுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அழாத குறை. கடைசியில் பார்த்தால், அவளால் சூடு தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் பையும் விளக்கும் வைத்து, மறு பாதியைக் குளிர விட்டதும் தாயும் படுத்தாள், குட்டிகளும் வேண்டிய பக்கம் ஊர்ந்து போயின. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் கத்திக்கொண்டு கிடந்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் அமைதியாகத் தூங்கினால் சரியாக இருக்கிறது. வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் குட்டி படுக்கும் மட்டத்திலேயே வைக்க வேண்டும்.

அடையாளத்துக்கு கழுத்தில் கம்பளி நூல் கட்டினோம். சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று நாளைக்கு ஒருமுறை தளர்த்திக் கட்டாவிட்டால் வளரும் கழுத்தை இறுக்கிவிடும், ஜாக்கிரதை. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை. சிவப்பு 180 கிராம், மஞ்சள் 172, கொட்டாவி விட்ட நீலம் 130. முதல் நாளில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். அதன்பின் தினமும் ஏற வேண்டும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். குட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதை, அது கத்துவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும்.

இரண்டாம் நாள் ராத்திரி நீலம் மட்டும் தனியாகக் கிடந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது, உறிஞ்சவும் இல்லை. பசிதான் என்று சிரிஞ்சில் பால் எடுத்துவிட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். "பாலைக் கீழே வைங்க" என்றார் டாக்டர் எடுத்த எடுப்பில். உடம்பு குளிர்ந்த குட்டியின் குடல் அசையாது. ஊற்றும் பால் வயிற்றிலேயே கிடந்து கெடும், இல்லாவிட்டால் மேலே ஏறி நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடு, அப்புறம்தான் பால். அதுவும் சட்டென்று சூடாக்கக் கூடாது. சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ அசைந்து, ஈரமான மூக்கு கழுத்தெலும்பில் முட்ட ஆரம்பித்த பிறகுதான் பால் கொடுத்தேன். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவுதான். நாய்ப்பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் பாதிகூட வராது, சர்க்கரைதான் அதிகம். அதனால் வயிற்றுப்போக்கு வரும். ஊட்டும்போது குட்டி குப்புறப் படுத்தபடி, தலை லேசாக உயர்ந்து இருக்க வேண்டும். மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்தால் புரையேறும்.

சிட்டுவின் தையலுக்கு வருகிறேன். வயிற்றின் நடுவில், இரண்டு வரிசைக் காம்புகளுக்கும் மத்தியில் ஒரு விரல் நீளத்துக்கு மேல். குட்டிகள் பால் குடிக்கும்போது முன்னங்காலால் மாற்றி மாற்றி அங்கேதான் மிதிக்கும். ஊசி போன்ற நகம். வாரத்தில் இரண்டு தடவை நகத்தின் நுனியை மட்டும் வெட்டிவிட்டோம். தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் தையலைப் போட்டோ எடுத்து வைத்தேன். நேற்றைவிடச் சிவப்பா என்று நினைவை நம்பிச் சொல்ல முடியாது, படத்தைப் பார்த்தால் தெரியும். களிம்பு எதுவும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம், தடவுவது குட்டியின் வாய்க்குப் போகும். கழுத்துக் கூம்பு மாட்டினால் அவளால் குட்டிகளை நக்க முடியவில்லை. மாட்டாவிட்டால் தையலை நக்குகிறாள். யாராவது பக்கத்தில் இருந்தால் கழற்றுவது, இல்லாவிட்டால் மாட்டுவது என்று வைத்துக்கொண்டோம். படியேறவும் குதிக்கவும் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

வலிக்கு டாக்டர் கொடுத்ததை மட்டும்தான் கொடுத்தோம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாயைக் கொன்றே விடலாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறப்புறுப்பில் கசிவு இருக்கும். பச்சை கலந்து, பிறகு செம்பழுப்பாக, நாளாக ஆகக் குறைந்து, மூன்று வாரமோ அதற்கு மேலோ இருக்கலாம். நிறத்தைவிட நாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். துர்நாற்றமோ சீழோ, சூடு 103க்கு மேலோ, சாப்பாட்டை ஒதுக்கிக் குட்டிகளையும் கவனிக்காமல் இருந்தாலோ, கருப்பையில் கிருமி சேர்ந்திருக்கிறது. எங்களுக்கு அது வரவில்லை. மடி கட்டியது. குட்டிகள் பால் அதிகமுள்ள பின்பக்கக் காம்புகளுக்கே போக, முன்பக்கம் ஒன்று கல்லாகிவிட்டது. வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, அந்தக் காம்பில் குட்டியை மாற்றி மாற்றி வைத்ததில் இரண்டு நாளில் இளகியது. சிவந்து கொதித்து, பாலின் நிறமும் மாறியிருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நின்றிருக்க முடியாது.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்த பதினேழாம் நாள் சாயங்காலம் சிட்டு காரணமில்லாமல் இரைக்க ஆரம்பித்தாள். பெட்டிக்குள் போவாள், வருவாள், குட்டி கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். நடக்கும்போது முன்னங்கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. முகத்தில் ஒரு பக்கம் துடித்தது. இந்தத் தடவை நாற்பது நிமிஷமெல்லாம் இல்லை, நாலு நிமிஷத்தில் வண்டியில் இருந்தோம். ரத்தத்தில் கால்சியம் விழுந்துவிட்டது. எக்லாம்ப்சியா என்பார்கள். பால் கொடுக்கும் சின்ன இன நாய்களுக்கு, பெரும்பாலும் பிரசவமாகி இரண்டு மூன்று வாரத்தில் வரும். விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும். டாக்டர் ஒரு காதில் சிட்டுவின் இதயத்தைக் கேட்டுக்கொண்டே நரம்பு வழியாகக் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். அரை மணியில் கால் மடங்கியது.

"சினையா இருந்தப்போ கால்சியம் ஏதாவது கொடுத்தீங்களா?" என்றார். கொடுத்திருந்தேன். எலும்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கடைசி மூன்று வாரம் மாத்திரை கொடுத்தேன். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் பாராதைராய்டு சுரப்பி சோம்பேறியாகிவிடும். பால் சுரந்து தேவை ஏறும்போது அதனால் உடனே விழித்துக்கொள்ள முடியாது. நல்லது என்று கொடுத்ததே வினையாகிவிட்டது. சினைக் காலத்தில் நல்ல குட்டித்தீவனம் போதும். கால்சியம் வேண்டுமென்றால், பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் சொன்னால் சொன்ன அளவு.

அன்று ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைப் பிரித்து வைத்துப் பால்மாவு கொடுத்தோம். பிறகு தாயிடம் விட்டாலும் பாதிப் பால் எங்கள் கையில்தான். மூன்று வாரம் முடிந்ததும் குழைத்த தீவனத்தைத் தட்டில் வைக்க ஆரம்பித்தோம். சிட்டுவுக்கும் அப்போதுதான் பசி உச்சம். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாட்டை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெட்டிக்கு ஒட்டியே வைத்தோம், குட்டிகளை விட்டுவிட்டுக் குடிக்கப் போக மாட்டேன் என்கிறாள். உறுமியவள்தான்!

அடுத்த சினையிலும் ஆபரேஷன்தானா என்று பலர் கேட்டார்கள். முதல் தடவை ஏன் ஆனது என்பதைப் பொறுத்தது அது. குட்டி ஏறுமாறாகத் திரும்பியிருந்ததால் என்றால் அடுத்தது இயல்பாகவே நடக்கலாம். சிட்டு மாதிரி இடுப்பெலும்பு குறுகல் என்றால் மறுபடியும் மேஜைதான். எங்களுக்கு அந்தக் கேள்வியே வேண்டாம் என்று, பால் வற்றி இரண்டு மாதம் கழித்து, பழைய தழும்பின் மேலேயே திறந்து கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டோம்.

சிவப்பும் மஞ்சளும் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போயின. நீலத்தை யாருக்கும் கொடுக்க அம்மா விடவில்லை. எடை நோட்டில் கடைசியாக 56ஆம் நாளுக்கு எதிரே 1 கிலோ 420 கிராம் என்று தம்பியின் கையெழுத்தில் இருக்கிறது. மறுநாள் தராசில் வைத்தபோது தட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டாள்.